பதிலுக்கு ஒரு கெட்டில்

மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிடுவார்கள். கடைக்கு வருகிறவர் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள், அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லையா, பக்கத்தில் இருப்பது தெரியவில்லையா என்று சொல்லிவிடுவார். அவ்வளவு கெட்டிக்காரர். தன் வீட்டில் தன் மூக்குக்கு நேரே இருப்பது மட்டும் எந்தக் கண்ணாடி போட்டாலும் அவருக்குத் தெரியாது. இதை அவர் மனைவி பல வருஷம் சொல்லிப் பார்த்தாள். பகல் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுன்டரில் பேசிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் எதற்கு வாய் வலி என்று ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள்.

மூக்குக்கு நேரே இருந்தது கீழ் அறை. வாசல் கதவைத் திறந்ததும் இடது கைப்பக்கம், ஜன்னல் வைத்து, காற்று வந்து, குளியலறையை ஒட்டி, அந்த வீட்டிலேயே உருப்படியான அறை அதுதான். அதில் மனுஷர்கள் யாரும் வசிக்கவில்லை. அயன்பாக்ஸ்கள் வசித்தன. கரி போடுகிறது, மண்ணெண்ணெயில் சூடாகிறது, துணி சுற்றிய வயரோடு வந்தது என்று வம்சம் வம்சமாக அலமாரியில் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குத் துணையாக, இரண்டு பக்கமும் கதவு போலத் திறக்கிற டோஸ்டர்கள், துப்பாக்கி மாதிரி கனக்கிற முடி உலர்த்திகள், கையால் சுற்றி முட்டை அடிக்கிற கருவிகள். எதையும் பிளக்கில் சொருகிப் பார்க்கக் கூடாது. பழைய வீட்டுச் சாமான் சேர்க்கிறவர்களின் கூட்டத்தில், கொலைக்கு அடுத்தபடியான குற்றம் அது. ஆக, இத்தனை அயன்பாக்ஸ் இருந்த வீட்டிலிருந்து வாராவாரம் ஒரு துணி மூட்டை லாண்டரிக்குத் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தது. லாண்டரிக்காரர் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. வியாபாரம் தெரிந்தவர்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கண்ணாடிக்காரரின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று. அந்த மனுஷர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு, மாடியில் ஒரு சின்ன வீட்டில் தன் சமையலைத் தானே செய்துகொண்டு, யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்காமல் இருந்தவர். ஆபரேஷன் ஆகிவிட்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், மாடிப்படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது மனைவி குரலை உயர்த்தவே இல்லை.

"சனிக்கிழமை அப்பாவ டிஸ்சார்ஜ் பண்றாங்க. இங்கதான் கூட்டிட்டு வரேன். கீழ் ரூம் அவருக்கு."

"சரி, ஆனா அதுல..."

"அதுல இருக்கறத தூக்கிப் போடச் சொல்லல. யாருக்காவது குடுத்துடுங்க. உங்க மியூசியம்தான் இருக்காரே, அவர் வீட்டுல கொண்டுபோய் வைங்க."

மியூசியம் என்பது ஒரு கட்டடம் அல்ல, ஓர் ஆள். ஓய்வு பெற்ற நில அளவையாளர். பழஞ்சாமான் கூட்டத்தில் அவர்தான் பெரிய தலை. அவர் ஒரு பொருளைப் பார்த்து "ம்" என்று சொன்னால் அதன் சொந்தக்காரர் ஒரு வாரம் தூங்க மாட்டார். "ம்ம்" என்று சொன்னால் ஒரு மாதம்.

"சும்மா எப்படிக் குடுக்கறது?" என்றார் கண்ணாடிக்காரர்.

நியாயமான கேள்வி. அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு சம்பிரதாயம் இருந்தது. விற்பது கேவலம். சும்மா கொடுப்பது அதைவிடக் கேவலம்; கொடுத்தவன் ஓய்ந்துபோய்விட்டான், அவனுக்கு இனி அழைப்பே வேண்டாம் என்று அர்த்தம். மாற்றிக்கொள்வது ஒன்றுதான் கௌரவம். அதிலும், தனக்கு வேண்டியது எது என்று யாரும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. ஆசைப்படுகிற பொருளின் பக்கமே திரும்பாமல், அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பத்து நிமிஷம் புகழ வேண்டும்; அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், அதில் ஒரு குறை சொல்ல வேண்டும். கல்யாணப் பேச்சில்கூட இவ்வளவு பூசி மெழுகுவது கிடையாது.

இதையெல்லாம் மனைவிக்கு அவர் விளக்கினார். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அப்ப மாத்திக்குங்க. எல்லாத்தையும் குடுத்துட்டு, பதிலுக்கு ஒரே ஒரு சாமான் வாங்கிக்குங்க. சின்னதா. ஒரு கெட்டில்."

"ஒரு கெட்டிலா?"

"ஒரு கெட்டில் போதும். சமையல்கட்டு மேல் பலகையில வச்சுக்கலாம். அதுக்கு மேல ஒரு ஆணி உள்ள வரக்கூடாது."

யோசித்துப் பார்த்ததில், கண்ணாடிக்காரருக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மாமனார் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒருநாள், அவர் பஸ்ஸில் மாப்பிள்ளை ஏறியதும், எல்லாப் பயணிகளிடமும் "எங்க மாப்பிள்ளை" என்று சொல்லி ஒரு நிறுத்தத்தையே தவறவிட்டவர். அவருக்கு ஒரு படுக்கை போட அயன்பாக்ஸை விடுவதா பெரிது? மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார். அடுத்த நாளே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, மியூசியம் வீட்டுக்குக் கிளம்பினார்.

மியூசியம் வீடு இரண்டு மாடி. மேலே அவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். கீழே ஒரு ஹாலிலும் இரண்டு அறைகளிலும் குளிர்பெட்டிகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் குடியிருந்தன. மியூசியம் சின்னப் பொருள்களைச் சீந்துவதில்லை. அவருடைய கணக்குப்படி, ஒரு ஆளால் தனியாகத் தூக்க முடிந்தால் அது சாமானே இல்லை. தலையில் மோட்டாரைத் தொப்பி மாதிரி வைத்துக்கொண்டிருந்த குளிர்பெட்டி, மூன்று காலில் நிற்கிற துவைக்கும் இயந்திரம், சாய்ந்து படுத்த பன்றிக்குட்டி மாதிரி ஒரு தூசி உறிஞ்சி. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பித்தளைத் தகடு. அதில் அளவையாளர் கையெழுத்தில் நீளம், அகலம், உயரம். எப்போதோ எதனோடோ சேர்ந்து வந்த ஒரே ஒரு கெட்டில் மட்டும், தகடு இல்லாமல், ஒரு குளிர்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது. இயந்திரங்களுக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பினால் போகலாம். மூச்சை இழுத்துப் பிடித்தால் இன்னும் வசதி.

"வாங்க தம்பி," என்றார் மியூசியம். "பார்த்து வாங்க, வயித்த உள்ள இழுங்க."

"அண்ணே, எல்லாம் அப்படியே புதுசு மாதிரி இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர்.

"புதுசு மாதிரியா?" மியூசியத்தின் முகம் சுருங்கியது.

"பழசு மாதிரி," என்று அவசரமாகத் திருத்திக்கொண்டார்.

அப்போது மாடிப்படியில் மியூசியத்தின் மனைவி டீ எடுத்துக்கொண்டு இறங்கினார். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கைப்பிடி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து, இடையிடையே நின்று. முழங்கால் தேய்ந்துபோனவர். கீழே மூன்று அறை இருக்கிற வீட்டில், குளிர்பெட்டிகள் தரையில் சொகுசாக நிற்க, அந்த அம்மாள் தினமும் மாடிக்கும் வாசலுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பழஞ்சாமான் கண்காட்சிகளில் சந்தித்து, இந்த வீட்டு மனைவிக்கும் அந்த வீட்டு மனைவிக்கும் நல்ல பழக்கம். கண்காட்சியில் மனைவிமார்கள் பேசிக்கொள்வதற்கு விஷயத்துக்குப் பஞ்சமே கிடையாது.

"மாமனாருக்கு இப்ப எப்படி இருக்குப்பா?" என்று கேட்டார் அவர்.

"தேறிட்டார் அண்ணி. சனிக்கிழமை வந்துடுவார்."

"எங்க படுக்க வைக்கப்போறீங்க? மாடி ஏறக்கூடாதாமே."

இதைவிட நல்ல வாசல் ஒருவருக்குத் திறந்துவிட முடியாது. 'அதுக்குத்தான் அண்ணி வந்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வேலை டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். கண்ணாடிக்காரர் மியூசியத்தைப் பார்த்தார். மியூசியம் ஒரு புருவத்தைத் தூக்கியபடி காத்திருந்தார். அந்தப் புருவத்துக்கு முன்னால், மாமனாருக்கு இடமில்லாததால் சாமானைக் கழிக்க வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? கூட்டம் முழுக்கப் பரவிவிடுமே.

"அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணி," என்று டீயோடு சேர்த்து விஷயத்தையும் விழுங்கினார்.

அந்த அம்மாள் அவரையும் தன் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி படியேறத் தொடங்கினார்.

கண்ணாடிக்காரருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்தால் தப்பில்லை. அன்று காலையில்தான் அந்த வீட்டிலும் ஓர் உத்தரவு பிறந்திருந்தது. 'இந்த வாரத்துக்குள்ள கீழ் வீடு காலியாகணும். இல்லன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். அங்க எல்லாம் ஒரே தரை.' மியூசியம் தங்கச்சி வீட்டின் சமையலை நினைத்துப் பார்க்கவில்லை. தன் வீட்டின் சமையலை நினைத்துப் பார்த்தார். யார் தலையில் இத்தனையையும் கட்டலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில்தான் வாசலில் மணி அடித்தது. சும்மா கொடுத்தால் கௌரவம் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். ஆகவே அவரும் ஒரு திட்டம் போட்டிருந்தார். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பதிலுக்கு ஒரே ஓர் அயன்பாக்ஸ். அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம்.

இப்படியாக, கொடுக்க மட்டுமே வந்த ஒருவரும், கொடுக்க மட்டுமே காத்திருந்த ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"தம்பி, உங்க அந்தக் கரி அயன்பாக்ஸ், மூடியில கோழி பொம்ம வச்சது... பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு," என்றார் மியூசியம், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"உங்க கெட்டில் ஒண்ணு பார்த்தேன் அண்ணே. மூக்கு கொஞ்சம் கோணல்."

கோணல் என்று சொன்னதும் மியூசியம் புரிந்துகொண்டார். கெட்டிலின் மேல் கண். நல்லது. "கெட்டில எடுத்துக்குங்க. ஆனா ஒரு கெட்டில் மட்டும் எடுத்துட்டுப் போனா எனக்கு மரியாதை இல்ல. அந்தத் தூசி உறிஞ்சியும் எடுத்துக்குங்க."

"ஐயோ, அதெல்லாம் வேணாம். அப்படின்னா நான் டோஸ்டர் எல்லாத்தையும் குடுக்கணும்."

"குடுங்க. அப்ப நீங்க மூணு கால் மெஷின எடுத்துக்கணும்."

"அண்ணே, நான் ஒரு கெட்டிலுக்குத்தான் வந்தேன். கெட்டிலுக்குப் பதிலா என் அயன்பாக்ஸ் மொத்தத்தையும் வச்சுக்குங்க."

"மொத்தமுமா?" மியூசியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவன் என்ன, நம்மை முந்தப் பார்க்கிறான்? கொடை வாங்கியவன் என்ற பெயர் அவருக்கு வருவதா? "அப்படின்னா நான் சும்மா விட மாட்டேன் தம்பி. ஹால்ல இருக்கற குளிர்பெட்டி எல்லாம் உங்களுக்கு."

பேரம் என்றால் ஒருவர் ஏற்றுவார், ஒருவர் இறக்குவார். இங்கே இரண்டு பேரும் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒருவர் முடி உலர்த்தியைச் சேர்த்தால் மற்றவர் துணி பிழியும் உருளையைச் சேர்த்தார். முட்டை அடிப்பானுக்கு எதிராக ஐஸ் பெட்டி வந்து விழுந்தது. இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் ஏறிவிட்டது.

கண்ணாடிக்காரருக்கு ஒரு நிமிஷம் நிதானம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கீழ் அறையின் ஜன்னல் அவருக்கு ஞாபகம் வந்தது. ஜன்னலோரம் கட்டில், கட்டிலில் மாமனார். சம்பிரதாயமாவது மண்ணாவது, சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தே விட்டார்.

அந்த நேரம் பார்த்து மியூசியம் உள் அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு வெள்ளைக் குளிர்பெட்டி நின்றது. உருண்ட தோள், குதிரை லாடம் மாதிரி கைப்பிடி, ஒரு கீறல்கூட இல்லாத உடம்பு. யாரும் மறுபடி அடிக்காத, தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பெயின்ட். அந்தக் கூட்டத்தில் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்களே தவிர, பார்த்தவர்கள் கிடையாது. மியூசியம் கண்காட்சிக்குக்கூட இதைக் கொண்டுவந்தது இல்லை.

"இதுவும் உங்களுக்குத்தான்," என்றார் மியூசியம். அவர் குரல் நிஜமாகவே உடைந்தது.

கண்ணாடிக்காரரின் வாய் திறந்தபடியே இருந்தது. ஆனால் அதிலிருந்து வந்த வார்த்தை வேறு.

"எப்ப அனுப்புவீங்க?"

சம்பிரதாயத்தின்மேல் முழுப் பழியையும் போட்டுவிட முடியாது. அது பாதிதான். மீதிப் பாதி வெறும் ஆசை. அதை அவரும் அறிந்திருந்தார், அறிந்துகொண்டே தலையை ஆட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசுக்குள் கட்டிலை அளந்துகொண்டே போனார். அறை பெரியது. குளிர்பெட்டிகளைச் சுவரோரம் தள்ளினால் நடுவில் கட்டில் போடலாம். துவைக்கும் இயந்திரத்தின் மேல் மருந்து பாட்டில் வைக்கலாம். இல்லை, வைக்கக் கூடாது, கறை படியும். எப்படியும் மாமனார் படுத்துத்தானே இருக்கப் போகிறார், படுத்திருக்கிறவருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் அளவு நாடாகூட ஒத்துழைக்கும்.

"பேசிட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"பேசிட்டேன். நம்மளோடது எல்லாத்தையும் எடுத்துக்கறாராம்."

"பதிலுக்கு?"

"கெட்டில்தான்," என்றார். கெட்டிலும் அதில் சேர்த்திதான் என்பதால் அது முழுப் பொய் ஆகாது என்று தனக்குத்தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

அன்று அவள் அவர் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகவே பரிமாறினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க விட்டுக் குடுப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லங்க," என்றாள். அவர் நிமிராமல் அந்தக் கூடுதல் கரண்டியையும் மென்று தீர்த்தார்.

சனிக்கிழமை காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் லாரி வந்தது. நான்கு ஆள்கள் குளிர்பெட்டிகளை இறக்கினார்கள். அந்த நேரத்தில் அயன்பாக்ஸ்கள் அட்டைப் பெட்டிகளில் அடைந்து, லாரியின் ஒரு மூலையில் கூனிக்குறுகி உட்கார்ந்துகொண்டன. மியூசியத்தின் வீட்டில் அவை மாடியில் ஒரே ஒரு பரணுக்குள் அடங்கிவிடும். மூன்று அறையைக் கொடுத்துவிட்டு ஒரு பரண் நிறையத் திரும்ப வாங்கிக்கொண்ட மியூசியத்தை, கண்ணாடிக்காரர் மனசுக்குள் ஏமாந்த சோணகிரி என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்.

அறை நிரம்பியது. பிறகும் சாமான் வந்தது. சிலவற்றை வராந்தாவில் வைத்தார்கள், சிலவற்றைக் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில். வெள்ளைக் குளிர்பெட்டியை அவரே கூட நின்று, "மெதுவா, மெதுவா, குழந்தை மாதிரி," என்று கெஞ்சிக் கெஞ்சி, அறை வாசலுக்கு உள்ளே நிறுத்தினார். கட்டிலை மடக்கி, நெட்டுக்குத்தாகத் தூக்கி, இயந்திரங்களுக்கு மேலாகக் கடத்தி, ஜன்னலுக்குக் கீழே இறக்கி விரித்தார்கள். இறங்கியது. மனைவிக்குப் பிடித்த புது விரிப்பைத் தானே போட்டார். தலையணையைத் தட்டி வைத்தார். பார்க்க ஒன்றும் மோசமில்லை என்றுதான் அவருக்குப் பட்டது.

போன் அடித்தது.

"கிளம்பிட்டோம். ரூம் தயாரா?"

"தயார். ஒரு அயன்பாக்ஸ்கூட இல்ல," என்றார். சத்தியமான வார்த்தை.

கார் வந்து நின்றபோது அவர் வாசலில் இருந்தார். மனைவி முதலில் இறங்கி, வாக்கரை விரித்து வைத்தாள். மாமனார் இளைத்துப்போயிருந்தார். சட்டை இரண்டு ஆளுக்கு ஆகும் போலத் தொங்கியது. ஆனாலும் மாப்பிள்ளையைப் பார்த்ததும், எழுந்து நிற்பதற்கு முன்பே சிரித்தார்.

"உங்களுக்குத்தான் தொந்தரவு குடுத்துட்டேன் மாப்பிள்ளை."

"என்ன மாமா இப்படிப் பேசறீங்க. உங்க வீடு," என்றார் கண்ணாடிக்காரர். மனசாரத்தான் சொன்னார்.

வராந்தாவிலேயே மனைவி நின்றுவிட்டாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அறைக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். வெள்ளை, பச்சை, வெளுத்த நீலம் என்று ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன. பித்தளைத் தகடுகளில் நீளம், அகலம், உயரம் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்து யாருடையது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தற்காலிகமா," என்றார் அவர். "கட்டில் போட்டிருக்கு பாரு. ஜன்னலோரம்."

மாமனாருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்கக் குறுகிய தெருக்களில் பெரிய வண்டியை ஓட்டியவர். இடைவெளியை ஒருமுறை பார்த்தாலே போதும் அவருக்கு.

"வாக்கர் போகாதும்மா. ஆள் போலாம்," என்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை பாவம், கஷ்டப்பட்டு இடம் பண்ணி வச்சிருக்கார். நான் பிடிச்சுக்கிட்டே போயிடுவேன்," என்றார்.

"அப்பா, வேணாம்."

"ரெண்டு எட்டுதான்."

வாக்கரை விட்டார். ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. கையை நீட்டி, வெள்ளைக் குளிர்பெட்டியின் உருண்ட தோளில், உள்ளங்கை முழுதும் பதிய ஊன்றினார்.

"மாமா, கைய எடுங்க, பெயின்ட்!"

அதைச் சொன்னது யார் என்று கண்ணாடிக்காரர் ஒரு கணம் திகைத்தார். அவர்தான்.

கிழவர் உடனே கையை எடுத்துவிட்டார். சுட்டுவிட்டது போல எடுத்தார். "ஐயோ, மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, தெரியல," என்றார். சொல்லி முடிப்பதற்குள் பிடிமானம் இல்லாமல் ஆடினார். மனைவி பாய்ந்து, பின்னாலிருந்து சட்டையோடு சேர்த்து அவரை அணைத்துப் பிடித்தாள். அவர் விழவில்லை.

"பிடிச்சுக்குங்கப்பா," என்றாள் அவள். "நல்லா அழுத்திப் பிடிச்சுக்குங்க. எதை வேணும்னாலும் பிடிங்க."

அவர் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, எதன் மேலும் பட்டுவிடக் கூடாது என்று ஒடுங்கி நின்றார். மாப்பிள்ளையைப் பார்த்து, பரவாயில்லை என்பது போலத் தலையை வேறு ஆட்டினார். கண்ணாடிக்காரருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. கையைப் பிடித்து வைக்கலாம் என்று முன்னால் வந்தார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டார்.

அவள் அப்பாவைப் பின்பக்கமாகவே நடத்தி வெளியே கொண்டுவந்து, வாக்கரைக் கையில் கொடுத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, உங்க கீழ் வீடு இப்ப காலியாத்தானே இருக்கு? அப்பாவ அங்க கூட்டிட்டு வரலாமா? நானும்தான்."

எதிர்முனையில் மியூசியத்தின் மனைவி பேசியது வராந்தா முழுக்கக் கேட்டது. "இப்பதான் கழுவி விட்டேன், ரெண்டு ரூம் இருக்கு. வாம்மா. இனிமே எனக்கும் படியேற வேண்டியதில்ல."

கார் டிரைவர் இன்னும் போகவில்லை. மனைவி மேலே போய் இரண்டு புடவையை ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தாள். மருந்துப் பொட்டலத்தை எடுத்தாள். மாமனாரை முன் சீட்டில் உட்கார வைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். அவர் கதவு வழியாக, "நாலு நாள்தான் மாப்பிள்ளை, சரியானதும் என் வீட்டுக்கே போயிடுவேன்," என்றார். மாடி ஏறக்கூடாதவருக்கு எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிக்காரர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் வரேன்."

"வேணாங்க," என்றாள் மனைவி. கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அங்க எங்கப்பா எதையாவது பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பார். உங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."

அவர் கதவை விட்டார். கார் கிளம்பிப் போய்விட்டது.